மோதிரம் இல்லாத டான் மரீனோவை எந்த இடத்தில் வைப்பது?

நீலக்கடல்:

எங்கள் வீட்டில் மூன்று வாரமாக ஒரே வாக்குவாதம். என் மகனுக்குப் பதினைந்து வயது. பள்ளியின் அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவன், இப்போதைக்கு இரண்டாவது ஆள். எல்லாக் காலத்துக்குமான சிறந்த பத்து குவார்ட்டர்பேக்குகள் என்று ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறான். முதலிடத்தில் டாம் பிரேடி. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் மியாமி டால்ஃபின்ஸுக்கு ஆடிய டான் மரீனோ பெயர் எங்கேயும் இல்லை. ஏன்டா என்று கேட்டால், "அவர்கிட்ட மோதிரமே இல்லையேப்பா" என்கிறான். மோதிரம் என்றால் சூப்பர் பவுல், அதாவது சீசனின் இறுதி ஆட்டத்தை, ஜெயித்தவர்களுக்குக் கிடைப்பது. அவனைப் பொறுத்தவரை அத்தோடு பேச்சு முடிந்தது.

நான் 1994-இல் மேற்படிப்புக்காக அமெரிக்கா வந்தேன். ஃபுட்பால் என்றால் காலால் உதைப்பது என்று மட்டும் தெரிந்த காலம். நவம்பர் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அறைத்தோழன் டிவி முன்னால் உட்கார வைத்தான். டால்ஃபின்ஸ், ஜெட்ஸ் ஆட்டம். ஜெட்ஸ் 24-6 என்று முன்னால் இருந்தார்கள். கடைசி அரை நிமிடத்தில் 24-21. மரீனோ ஓடி வந்து, பந்தைத் தரையில் அடித்துக் கடிகாரத்தை நிறுத்தப் போவதாகக் கையைக் காட்டிக் கத்துகிறார். எதிரணி ஒரு நொடி தளர்ந்தது. அவர் தரையில் அடிக்கவில்லை, மார்க் இங்கிராமுக்கு எறிந்தார். டச்டவுன், அதாவது பந்து எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டிவிட்டது. 28-24. விதிகளே புரியாத எனக்கு அந்த ஒரு எறிதல் புரிந்தது.

அதன் பிறகுதான் பழைய கதையெல்லாம் படித்தேன். 1984-இல், ஆட ஆரம்பித்த இரண்டாவது ஆண்டிலேயே, எறிந்து சேர்த்தது 5,084 யார்டு, 48 டச்டவுன். அதற்கு முன்பு ஒரே சீசனில் 5,000 யார்டை யாருமே தொட்டதில்லை. அந்த சீசன் முடிவில் சூப்பர் பவுலுக்குப் போனார், சான் ஃபிரான்சிஸ்கோவிடம் தோற்றார். 1999 வரை ஆடியும் மறுபடி அங்கே போகவே இல்லை.

நான் பாசத்தில் பேசுகிறேனா, இல்லை இதில் நியாயம் இருக்கிறதா? அவனிடம் சொல்ல நேர்மையான ஒரு வாதம் வேண்டும்.

கறுப்புக்காகம்:

நியாயம் இருக்கிறது நண்பரே. நான் பால்டிமோர் ரேவன்ஸ் ரசிகன். எங்கள் அணி முதல் சூப்பர் பவுலை எப்படி ஜெயித்தது என்று உங்கள் மகனிடம் சொல்லுங்கள்.

2000 சீசன். நடுவில் தொடர்ந்து ஐந்து ஆட்டங்களில் ரேவன்ஸ் அணி ஒரு டச்டவுன் கூடப் போடவில்லை. ஒன்று கூட இல்லை. அப்படியும் அந்த ஐந்தில் இரண்டை ஜெயித்தார்கள், வெறும் ஃபீல்ட் கோல் அடித்தே, அதாவது பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்தே. காரணம் டிஃபென்ஸ், எதிரணியைத் தடுக்கும் ஆட்கள். பதினாறு ஆட்டத்தில் மொத்தமாக விட்டுக்கொடுத்தது 165 புள்ளி. அந்த வறட்சிக்கு நடுவில்தான் டோனி பேங்க்ஸை உட்கார வைத்துவிட்டு டிரென்ட் டில்ஃபரைக் குவார்ட்டர்பேக்காக இறக்கினார்கள். சூப்பர் பவுலில் டில்ஃபர் 25 முறை எறிந்து 12 முறை சேர்த்தார், 153 யார்டு. ஜயன்ட்ஸை 34-7 என்று நொறுக்கினோம். சிறந்த ஆட்டக்காரர் விருது டிஃபென்ஸில் ஆடிய ரே லூயிஸுக்கு.

கோப்பையோடு வந்த அந்தக் குவார்ட்டர்பேக்கை அடுத்த சீசனுக்கு அணி வைத்துக்கொள்ளவில்லை. வேறு ஆளை எடுத்தது. மோதிரம்தான் அளவு என்றால், ஜெயித்த அணியே அப்படிச் செய்திருக்குமா? டில்ஃபர் மேல் எனக்கு மரியாதை உண்டு. கேட்ட வேலையைத் தவறில்லாமல் செய்தார். ஆனால் அவரையும் மரீனோவையும் பக்கத்தில் நிறுத்தி, அவரிடம் ஒன்று, இவரிடம் பூஜ்யம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும்.

நாலாவதுகுவார்ட்டர்:

எல்லோரும் டில்ஃபரையே இழுக்கிறீர்கள். மோதிரம் இருந்தால் மட்டும் போதும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அது இல்லாமல் உச்சியில் உட்கார முடியுமா என்பதுதான் கேள்வி. முடியாது என்பேன்.

1989 ஜனவரி, சின்சினாட்டியோடு சூப்பர் பவுல். மூன்று புள்ளி பின்தங்கிய நிலையில், சொந்த எல்லைக் கோட்டிலிருந்து 8 யார்டு தூரத்தில் சான் ஃபிரான்சிஸ்கோவின் ஜோ மான்டானா பந்தை வாங்குகிறார். மூன்று நிமிடம் சொச்சம் மீதி. 92 யார்டு நகர்த்தி, 34 நொடி பாக்கி இருக்கும்போது ஜான் டெய்லருக்கு டச்டவுன். 20-16. பிரேடி அட்லாண்டாவுக்கு எதிராக 28-3 என்று கிடந்து 34-28 என்று எழுந்தார். கான்சஸ் சிட்டியின் மஹோம்ஸ் தன் முதல் சூப்பர் பவுலில் நாலாவது குவார்ட்டரில் பத்துப் புள்ளி பின்னால் இருந்து ஜெயித்தார். இதையெல்லாம் டிஃபென்ஸ் எறிந்து கொடுக்கவில்லை.

பிளேஆஃபில், அதாவது சீசன் கடைசியில் வரும் நாக்அவுட் ஆட்டங்களில், எதிரே நிற்பது நல்ல அணிகள் மட்டும்தான். ஒரு நாள் சறுக்கினால் அந்த ஆண்டே போச்சு. அங்கே மரீனோவின் கணக்கு 8 வெற்றி, 10 தோல்வி. அவர் கை அழகை நானும் ரசித்தவன்தான். ஆனாலும் இந்தக் கணக்கைத் தாண்டிப் போக முடியாது. உங்கள் மகன் பத்துக்குள் வைக்காதது கொஞ்சம் கடுமை, ஆனால் முட்டாள்தனம் இல்லை.

பனிக்காற்று:

பஃபலோ ரசிகனாக ஒன்று மட்டும். 1991 ஜனவரி சூப்பர் பவுல். எங்கள் குவார்ட்டர்பேக் ஜிம் கெல்லி அணியை ஃபீல்ட் கோல் தூரத்துக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டு வெளியே நின்றார். 47 யார்டு உதை வலது பக்கம் விலகியது. 20-19 தோல்வி. அந்தப் பந்து உள்ளே போயிருந்தால் கெல்லி இன்னும் பெரிய குவார்ட்டர்பேக்கா? அவர் எறிந்த ஒரு பாஸாவது மாறியிருக்குமா?

2022 ஜனவரி, கான்சஸ் சிட்டியோடு பிளேஆஃப். எங்கள் ஜோஷ் ஆலன் நான்கு டச்டவுன் எறிந்து, 13 நொடி மீதி இருக்கும்போது அணியை முன்னால் நிறுத்தினார். அதற்குள் அவர்கள் சமன் செய்துவிட்டார்கள். கூடுதல் நேரத்தில் நாணயச் சுண்டலில் தோற்றோம், முதல் வாய்ப்பிலேயே அவர்கள் டச்டவுன் போட்டார்கள். 42-36. ஆலன் பந்தைத் தொடவே இல்லை. இரண்டு அணிக்கும் வாய்ப்பு தரவேண்டும் என்று பிளேஆஃப் விதியையே அந்த ஆண்டு மாற்றினார்கள். அந்த இரவை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

பள்ளிப்பயிற்சி:

பன்னிரண்டு ஆண்டாகப் பள்ளி அணிகளில் குவார்ட்டர்பேக்குகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். இந்தக் கேள்வியை எல்லாப் பையன்களும் கேட்பார்கள். நான் அவர்களிடம் ஆட்களை ஆட்களோடு ஒப்பிட வேண்டாம், ஒரே ஆளை அவரோடே ஒப்பிட்டுப் பார் என்பேன்.

பேட்டன் மேனிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2013-இல் 55 டச்டவுன், 5,477 யார்டு, இரண்டுமே ஒரே சீசனில் சாதனை. அந்த சீசனின் சூப்பர் பவுலில் சியாட்டிலிடம் 43-8 என்று அடிவாங்கினார். 2015-இல் உடம்பு ஒத்துழைக்கவில்லை. 9 டச்டவுன், 17 இன்டர்செப்ஷன் (எறிந்த பந்தை எதிரணி பிடித்துக்கொள்வது), நடுவில் பெஞ்சில் உட்கார வேண்டியும் வந்தது. அந்த ஆண்டு மோதிரம் கிடைத்தது. இறுதி ஆட்டத்தில் அவர் எறிந்தது 141 யார்டு, டச்டவுன் பாஸ் கிடையாது. வான் மில்லரும் மற்ற டிஃபென்ஸ் ஆட்களும் ஜெயித்துக் கொடுத்தார்கள். எந்த மேனிங் பெரியவர்? 2015 மேனிங் என்று சொன்ன பையன் ஒருத்தனைக் கூட நான் பார்க்கவில்லை.

அடுத்து டென்வரின் ஜான் எல்வே. 1987 ஜனவரி, கிளீவ்லண்டில் சொந்த 2 யார்டு கோட்டில் ஆரம்பித்து 98 யார்டு நகர்த்தி, 37 நொடி மீதி இருக்கும்போது சமன் செய்தார். 'தி டிரைவ்' என்றால் இன்றும் அதுதான். கூடுதல் நேரத்தில் டென்வர் ஜெயித்தது, ஆனால் அடுத்த ஆட்டமான சூப்பர் பவுலில் தோற்றது. இன்னும் இரண்டு முறை போனார், இன்னும் மோசமாகத் தோற்றார். 37 வயதில்தான் முதல் மோதிரம். அந்த ஆட்டத்தில் 123 யார்டு எறிந்தார், டச்டவுன் பாஸ் ஒன்றும் இல்லை. டெரல் டேவிஸ், தலைவலியால் இரண்டாவது குவார்ட்டரில் பெரும்பாலும் வெளியே இருந்தும், 157 யார்டு ஓடி மூன்று டச்டவுன் போட்டார். முதல் மூன்று முறை எல்வேக்குப் பின்னால் அப்படி ஒரு ரன்னிங் பேக் இல்லை.

நாலாவதுகுவார்ட்டர் சொன்னதில் ஒரு பாதியை நானும் ஏற்கிறேன். பெரிய ஆட்டம் தனி. ஆனால் அதில் எப்படி ஆடினார் என்று பார்க்க வேண்டும், யார் ஜெயித்தார் என்று மட்டும் பார்க்கக்கூடாது. 2018-இல் பிரேடி சூப்பர் பவுலில் 505 யார்டு, மூன்று டச்டவுன், ஒரு இன்டர்செப்ஷன் கூட இல்லை. பிலடெல்பியாவிடம் 41-33 என்று தோற்றார். அவருடைய ஏழு சூப்பர் பவுல் வெற்றிகளில் சிலவற்றைவிட அன்று நன்றாக ஆடினார் என்று அடித்துச் சொல்வேன்.

நீலக்கடல், உங்கள் மகனோடு உட்கார்ந்து, மரீனோ தோற்ற அந்த 1985 ஜனவரி சூப்பர் பவுலை முழுசாகப் பாருங்கள். மியாமி பந்தை எறியாமல் கையில் வைத்துக்கொண்டு எத்தனை முறை ஓடியது என்று அவனையே எண்ணச் சொல்லுங்கள்.

நீலக்கடல்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு பார்த்தோம். அவன் கையில் பேனாவோடு உட்கார்ந்தான். முதல் குவார்ட்டர் முடிவில் மியாமிதான் 10-7 என்று முன்னால். "என்னப்பா, நல்லாத்தானே ஆடுறாங்க" என்றான். அப்புறம் மான்டானா ஆரம்பித்தார். கடைசியில் 38-16. அவன் கணக்கில் மியாமி ஓடியது ஒன்பதே முறை, மொத்தம் 25 யார்டு. மரீனோ எறிந்தது ஐம்பது முறை. ஓடமாட்டார்கள் என்று தெரிந்துகொண்ட எதிரணி அவர்மேல் பாய்ந்துகொண்டே இருந்தது. இரண்டு இன்டர்செப்ஷனும் உண்டு, அதை நான் மறைக்கவில்லை.

அவன் இரண்டு இடத்தில் படத்தை நிறுத்திப் பின்னால் ஓட்டினான். பந்து எப்போது கையை விட்டுப் போகிறது என்று பார்க்கத்தான். "கை பின்னாடி போறதே தெரியலையேப்பா" என்றான். ஆனால் அடுத்த மூச்சிலேயே, மான்டானா அன்றைக்கு நிஜமாகவே அவரைவிட நன்றாக ஆடினார், அதையும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்றான். ஒத்துக்கொண்டேன்.

இன்று காலையில் பார்த்தால், ஃபிரிட்ஜ் கதவில் ஒன்பதாம் எண்ணுக்கு எதிரே இருந்த பெயரை அடித்துவிட்டுக் காலியாக விட்டிருக்கிறான். எல்வேயின் அந்த 98 யார்டைப் பார்த்த பிறகுதான் எழுதுவானாம். பள்ளிப்பயிற்சி அண்ணா, அந்த கிளீவ்லண்ட் ஆட்டத்தையும் முதலிலிருந்தே பார்க்க வேண்டுமா, இல்லை நாலாவது குவார்ட்டர் போதுமா?