பொருள்: ‘ஏபீரியாடிக்’ – படியாதது வேறு, படியவிடாதது வேறு

நண்பர்களுக்கு வணக்கம். தளத்தைக் கற்களால் பாவும் கணிதம் பற்றிய கட்டுரைக்கான தமிழ்க் கலைச்சொற்கள் குறித்து நீங்கள் எழுப்பிய கேள்விகளையும் என் பதில்களையும் கீழே தருகிறேன்.

> ‘நான்பீரியாடிக்’, ‘ஏபீரியாடிக்’ இரண்டுக்கும் ‘காலமுறையற்ற’ என்பதே போதுமே. தனித்தனிச் சொல் எதற்கு?

போதாது என்பதே என் உறுதியான கருத்து. முதலில், இங்கே காலத்துக்கு வேலையே இல்லை. தளத்தை இடைவெளியோ மேற்படிதலோ இன்றிக் கற்களால் பாவுவதைப் பற்றிப் பேசுகிறோம். அதைவிட முக்கியமானது, ஒரு சொல் பாவலின் பண்பைச் சொல்கிறது, மற்றது கல்லின் பண்பைச் சொல்கிறது.

அகலத்தைப் போல இருமடங்கு நீளமுள்ள செவ்வகக் கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிரண்டாகச் சேர்த்தால் சதுரம். எல்லாச் சதுரங்களிலும் கற்களைக் கிடையாக வைத்து முடிவில்லாத தளம் முழுவதையும் பாவிவிட்டு, ஒரே ஒரு சதுரத்தில் மட்டும் இரண்டு கற்களையும் நெடுக்காகத் திருப்பி வையுங்கள். அப்படியோர் இடம் தளத்தில் வேறெங்கும் இல்லை. ஆகவே முழுப் பாவலையும் எந்தத் திசையில் எவ்வளவு நகர்த்தினாலும் பழைய பாவலோடு பொருந்தாது. இது நான்பீரியாடிக். ஆனால் கல்லின்மேல் குறையில்லை. அதே கல்லைக் கொண்டு ஒழுங்காகவும் பாவியிருக்கலாம். ஏபீரியாடிக் கல் அந்த ஒழுங்குக்கு இடமே தராது. தளத்தை நிரப்பும், ஆனால் நகர்த்திப் பொருத்தக்கூடிய ஒரு பாவல்கூட அதனால் அமையாது.

அப்படிப்பட்ட கற்கள் இருக்க முடியாது என்றுதான் 1961இல் கணிதவியலாளர் ஹாவ் வாங் கருதினார். 1966இல் ராபர்ட் பெர்ஜர் 20,426 வகைக் கற்கள் கொண்ட ஒரு தொகுதியைக் காட்டி அதை மறுத்தார். 1971இல் ராபின்சன் ஆறு வகைக்கும், 1974இல் பென்ரோஸ் இரண்டு வகைக்கும் குறைத்தார்கள். ஒன்றே போதுமா என்ற கேள்விக்கு 2023 மார்ச்சில்தான் விடை வந்தது. டேவிட் ஸ்மித் கண்டெடுத்து, மேயர்ஸ், காப்லன், குட்மன்-ஸ்ட்ராஸ் மூவருடன் சேர்ந்து நிறுவிய ‘தொப்பி’ அது. எட்டுப் பட்ட வடிவ நாற்கரங்களை ஒட்டினால் கிடைக்கும் பதின்மூன்று பக்க உருவம். ஒரு குழந்தை காகிதத்தில் வெட்டிவிடலாம். இத்தனை எளிய உருவத்தின் பண்பைத் தமிழில் ஒரே சொல்லில் சொல்ல முடியாமல் நாம் நிற்பது எனக்கு உறுத்துகிறது.

> ‘மீளாப் பாவல்’ என்று வைக்கலாமா?

ஓசை நன்றாக இருக்கிறது, நானும் முதலில் இதையே எழுதிவைத்திருந்தேன். பொருள்தான் தவறிவிடுகிறது. பென்ரோஸ் பாவலில் எந்தச் சிறு துண்டை வட்டமிட்டாலும் அதே துண்டு அதே பாவலில் எண்ணற்ற இடங்களில் மறுபடி வரும். துண்டுகள் மீள்கின்றன, முழுமைதான் நகர்ந்து தன்மேல் பொருந்துவதில்லை. ‘மீளா’ என்று பெயரிட்டால், இந்தத் துறையின் மிக அழகான உண்மையைப் பெயரே மறுத்துவிடும்.

எனவே ‘படிதல்’ என்ற வினையை முன்வைக்கிறேன். பாவலை ஒரு கண்ணாடித் தாளில் அப்படியே வரைந்து, தாளைச் சற்று நகர்த்துங்கள். கோடுகள் கோடுகள்மேல் படிகின்றனவா? படிந்தால் அது ‘படியும் பாவல்’. எங்கே நகர்த்தினாலும் படியாவிட்டால் ‘படியாப் பாவல்’. எப்படிப் பாவினாலும் படிய இடம் தராத கல் ‘படியவிடாக் கல்’. பல வகைக் கற்கள் சேர்ந்தால் ‘படியவிடாத் தொகுதி’. ஆங்கிலத்தில் கிரேக்க முன்னொட்டும் லத்தீன் முன்னொட்டும் ஒரே ‘இல்லை’யைத்தான் சொல்கின்றன, வேறுபாட்டை மனப்பாடம் செய்துதான் நினைவில் வைக்க வேண்டும். தமிழில் படியாததும் படியவிடாததும் கேட்ட மாத்திரத்தில் வேறாகின்றன. தன்வினை, பிறவினை பழகிய காதுக்கு விளக்கம் தேவையில்லை.

> சுழற்றினாலும் படியலாமே?

சரியான தடை. ஐந்தில் ஒரு சுற்று சுழற்றினால் தன்மேல் படியும் பென்ரோஸ் பாவல்கள் உண்டு, ஆனால் அவை நகர்த்தினால் படியாதவை. ஆகவே கட்டுரையில் முதல்முறை வரும்போது ‘நகர்ந்து படியா’ என்று முழுமையாக எழுதுவோம், பிறகு சுருக்கலாம். ‘பெயர்ந்து’ என்பதைத் தவிர்க்கிறேன். கூட்டுச்சொல்லில் ‘பெயர்’ என்று குறுகினால் நாமப்பெயராகப் படிக்க நேரும்.

அடுத்தது ‘ஐன்ஸ்டைன்’, அதாவது தொப்பியைப் போல ஒரே வகையாகத் தனித்து நின்றே படியவிடாத கல்லுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர். அறிவியலாளர் பெயரோடு விளையாடும் சிலேடை இது. ஜெர்மனில் ‘ஐன் ஸ்டைன்’ என்றால் ஒரு கல். சிலேடை தமிழில் வராது, வர வேண்டியதும் இல்லை. ‘ஒற்றைக்கல்’ சிற்பத்துக்குப் போய்விட்டது. ‘ஒருகல்’ என்று சேர்த்தே எழுதிக் கலைச்சொல்லாக்கலாம்.

சொற்கள் தாங்குகின்றனவா என்று மூன்று வாக்கியங்களில் எழுதிப் பார்த்தேன்:

‘தொப்பி ஒரு படியவிடா ஒருகல்.’

‘தொப்பியால் பாவும்போது சில கற்களைப் புரட்டிப் போட வேண்டியிருக்கிறது, அதே நால்வர் 2023 மே மாதம் வெளியிட்ட ஸ்பெக்டர், புரட்டாமலே பாவும் படியவிடாக் கல்.’

‘கற்களைச் சுழற்றாமல் நகர்த்த மட்டுமே அனுமதித்தாலும், போதிய உயர் பரிமாணத்தில் படியவிடா ஒருகல் உண்டு என்று 2022இல் கிரீன்ஃபெல்டும் டாவோவும் நிறுவினார்கள்.’

மூன்றாவது வாக்கியம் எனக்கு முழு நிறைவைத் தந்தது. இரண்டாவதில் ‘புரட்டாமலே பாவும்’ என்பது சற்று நீள்கிறது. அதற்கு ஒரு பெயரடை கிடைத்தால் சொல்லுங்கள். ‘புரளா’ என்பதை நினைத்தேன், ஆனால் கல் தானே புரளாமல் இருப்பதுபோல் ஒலிக்கிறது. ஷெக்ட்மன் 1982இல் கண்ட, அணுக்கள் ஒழுங்காக அமைந்தும் நகர்ந்து படியாத திண்மமான குவாசிகிரிஸ்டலுக்கு ‘படிகம்’ என்ற சொல்லை வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் விருப்பம். அங்கே ‘படி’ என்ற ஓசை தற்செயலாக ஒத்துவருவதால் மாணவர் குழம்புவார்களா, அல்லது அதுவே நினைவுக்கு உதவுமா என்று வகுப்பெடுப்பவர்கள் எழுதுங்கள்.

அன்புடன்.