பதினாறாம் வாய்ப்பாடு சொல்லும் மகன், தானே கதை வாசிக்கும் நாத்தனார் மகள்: யாருக்குப் படிப்பு வருகிறது?

புதுச்சேரி முத்தியால்பேட்டை அம்மா கேட்டது:

நாத்தனார் குடும்பம் பாரிஸிலிருந்து லீவுக்கு வந்திருக்கிறது. அவர் மகளுக்கும் என் மகனுக்கும் ஏழு வயசு, மூன்று வாரம்தான் வித்தியாசம். இவன் இங்கே ஒரு தனியார் பள்ளியில் ஜூனில் இரண்டாம் வகுப்புக்குப் போயிருக்கிறான். அவள் 'சேபே', அதாவது அங்கத்திய ஒன்றாம் வகுப்பு, முடித்துவிட்டாள். செப்டம்பரில் அடுத்த வகுப்பு, நம் கணக்கில் அதுவும் இரண்டாவதுதான்.

மகன் பதினாறாம் வாய்ப்பாடு வரை மூச்சு விடாமல் சொல்கிறான். அவளுக்கு மூன்றாம் வாய்ப்பாடே முழுசாக வரவில்லை. மாமியாருக்குப் பேரன் மேல் ஒரே பெருமை. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை மழைக்குத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது, அவள் அதுவரை பார்த்திராத ஒரு பிரெஞ்சுக் கதைப் புத்தகத்தைத் தானே வாசித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். இவன் இங்கிலீஷ் புத்தகத்தில் மூன்றாம் பாடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிக்கிறான். நான்காம் பாடத்தைத் திருப்பிக் காட்டினால் அப்படியே நிற்கிறான். தமிழும் அதே லட்சணம்தான்.

மூத்தவள் அரசுப் பள்ளி. ஆறாம் வகுப்பில் சமச்சீர் புத்தகம். 2023-24ல் ஏழாவதுக்குப் போனதும் சிபிஎஸ்இ வந்து எல்லாப் புத்தகமும் மாறிவிட்டது. ஒரு கோடை லீவுக்குள்ளேயே இத்தனை மாறினால், நாடு விட்டு நாடு எவ்வளவு மாறும்! ஏழு வயசில் ஒரு பிள்ளைக்கு என்னதான் தெரிந்திருக்க வேண்டும்? எந்த நாட்டுக் கணக்கு சரி?

குருசுக்குப்பத்தான்:

அப்பா சொல்தா, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். அதனால் நான் இதே ஊரில் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவன். அந்தச் சின்னப் பெண்ணைக் கணக்கில் மட்டம் தட்ட வேண்டாம் அம்மா, அவள் பாஷையே அவளுக்குக் கணக்கு வைக்கிறது. எழுபத்திரண்டை அவர்கள் 'அறுபது பன்னிரண்டு' என்பார்கள். எண்பது 'நாலு இருபது'. தொண்ணூற்றேழு 'நாலு இருபது பத்து ஏழு'. பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் பிரெஞ்சு பேசுகிறவர்கள் எழுபதுக்கும் தொண்ணூறுக்கும் தனிச்சொல் வைத்துக்கொண்டு பிழைத்துக்கொண்டார்கள். நூறு வரை எண்ணத் தெரிவதே சேபேயில் பெரிய வேலை.

ஆனால் எழுத்தில் விடமாட்டார்கள். எங்கள் மிசியே, அதாவது வாத்தியார், 'திக்தே' போடுவார். அவர் சொல்லச் சொல்ல எழுத வேண்டும், ஐந்து பிழை என்றால் சைபர். இப்போதுகூட ஒரு கடிதம் எழுதி முடித்தால் கை தானாகப் பிழை எண்ணுகிறது. இன்னொன்று, கழித்தலில் எங்களுக்குக் கடன் வாங்குவது கிடையாது. அதை அப்புறம் சொல்கிறேன்.

தெம்பனீஸ்காரி:

சிங்கப்பூரிலிருந்து. என் மகளும் இரண்டாம் வகுப்புதான். இங்கே இந்த வருஷம் 2, 3, 4, 5, 10 வாய்ப்பாடு மட்டும். 6, 7, 8, 9 எல்லாம் மூன்றாம் வகுப்பில். முதல் இரண்டு வகுப்புக்கு 2019லிருந்து மதிப்பெண் தேர்வே இல்லை. (டியூஷன் மட்டும் இருக்கிறது, அதைக் கேட்காதீர்கள்.) கணக்கைப் பொருளில் தொட்டுப் பார்த்து, படமாக வரைந்து, அப்புறம்தான் எண்ணாக எழுதுகிறாள்.

கடலூர் வாத்தியார்:

நான் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் முப்பத்தொரு வருஷம் இருந்தவன். பெரும்பாலும் ஒன்றும் இரண்டும்தான் கையில்.

எந்த நாட்டுக் கணக்கு சரி என்று கேட்டிருக்கிறீர்கள் அம்மா. எதை எந்த வருஷத்தில் கேட்கிறார்கள் என்றுதான் நான் பார்ப்பேன். பின்லாந்தில் ஒன்றாம் வகுப்பே ஏழு வயசில்தான். பிரான்சில் 2019லிருந்து மூன்று வயசிலேயே கல்வி கட்டாயம். ஜப்பானில் ஒன்பது ஒன்பது எண்பத்தொன்று வரை முழுசும் இரண்டாம் வகுப்பிலேயே வாயில் ஏற்றிவிடுகிறார்கள். சிங்கப்பூரில் அதைப் பாதியாகப் பிரித்து மூன்றாவதுக்குத் தள்ளுகிறார்கள். இந்த இரண்டு நாடுமே உலகக் கணக்குத் தேர்வுகளில் எப்போதும் முன்வரிசை.

பதினாறாம் வாய்ப்பாட்டை இந்த இரண்டு இடத்திலும் ஏழு வயசுப் பிள்ளையிடம் கேட்கவில்லை, கவனித்தீர்களா? நம்மிடம் ஏன் இருக்கிறது? பதினாறு அணா ஒரு ரூபாய். கடைக் கணக்குப் பார்த்தவனுக்குப் பதினாறாம் வாய்ப்பாடு சோறு போட்டது. 1957ல் நயா பைசா வந்தது, அணா போயிற்று, வாய்ப்பாடு மட்டும் தனியார் பள்ளி டைரிகளில் உட்கார்ந்துகொண்டது. இது என் கணிப்புதான், ஆனால் முப்பது வருஷமாக இதை மாற்றிக்கொள்ளக் காரணம் கிடைக்கவில்லை.

ஒருவர் முறையை இன்னொருவர் பார்த்து எடுத்துக்கொள்வதும் புதுசு இல்லை. ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் மதராஸில் அநாதைப் பிள்ளைகளின் பள்ளிக்குப் பொறுப்பாக இருந்தபோது, நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்தார். அதைத் தன் பள்ளிக்குக் கொண்டுபோனார். மூத்த பையன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாட்டையும் செய்தார், நம் சட்டாம்பிள்ளைதான். ஊர் திரும்பி 1797ல் புத்தகமாகப் போட்டார். இங்கிலாந்துப் பள்ளிகளில் அதற்கு 'மதராஸ் முறை' என்றே பேர்.

சரி, உங்கள் மகன். எனக்குக் கவலை நான்காம் பாடம்தான். சேபே என்பதே வாசிக்கக் கற்றுக்கொள்வதற்கென்று ஒதுக்கிய வருஷம். எழுத்தையும் ஒலியையும் சேர்த்துச் சேர்த்து ஒரு வருஷம் முழுக்க அதே வேலை. உங்கள் பையன் பாடத்தைப் பாட்டாகப் பிடித்திருக்கிறான், எழுத்தாகப் பிடிக்கவில்லை. 2007 வாக்கில் செயல்வழிக் கற்றல் வந்து, அட்டையும் கற்றல் ஏணியும், பிள்ளை உயரத்துக்குச் சுவரில் கரும்பலகையும் வைத்தபோது முதலில் முணுமுணுத்தவர்களில் நானும் ஒருவன். அதுவரை வகுப்பே சேர்ந்து ஒப்பிக்கும். தனித்தனியாக அட்டையை எடுத்து வாசிக்கச் சொன்ன பிறகுதான், என் வகுப்பில் எத்தனை பேர் வெறுமனே வாயசைத்துக்கொண்டிருந்தார்கள் என்று தெரிந்தது. வீட்டுக்கு வந்து அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை.

மணிக்கூண்டு பக்கம் அழைத்துப்போய்க் கடைப் பலகை, பஸ் பலகை எல்லாம் எழுத்துக்கூட்டி வாசிக்கச் சொல்லுங்கள். 'காலாப்பட்டு' என்பதில் மூன்று நெடில் இல்லை, இரண்டுதான் என்று அவனே கண்டுபிடிக்கட்டும். தமிழ் வந்துவிட்டால் மற்றது வரும். வாய்ப்பாட்டுக்கு ஒரு கைப்பிடி புளியங்கொட்டை. ஆறு நாலு எவ்வளவு என்று கேட்காதீர்கள், பரப்பிக் காட்டச் சொல்லுங்கள்.

முத்தியால்பேட்டை அம்மா:

சார், செய்து பார்த்தேன். ஆறு நாலு இருபத்துநாலு என்று வாய் சொல்கிறது, கை ஆறு கொட்டையும் நாலு கொட்டையும் வைத்துவிட்டுப் பத்து என்கிறது! நாத்தனார் மகள்தான் நாலு நாலாக ஆறு வரிசை அடுக்கினாள். அப்புறம் இவன் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "இங்கேயிருந்து பார்த்தா நாலு ஆறு" என்றான். மாமியாருக்குத்தான் முகம் சுருங்கிவிட்டது. பல்லாங்குழிக்கு வைத்திருந்த கொட்டையாம்.

குருசுக்குப்பத்து ஐயா, கடன் வாங்காமல் எப்படிக் கழிப்பது?

குருசுக்குப்பத்தான்:

52லிருந்து 17. நீங்கள் ஐந்திடம் ஒன்று கடன் வாங்கி அதை நாலாக்குவீர்கள். நாங்கள் ஐந்தைத் தொடமாட்டோம். மேலே இரண்டுக்குப் பத்து கொடுத்துப் பன்னிரண்டு ஆக்குவோம், அதே பத்தைக் கீழேயும் கொடுத்து ஒன்றை இரண்டாக்குவோம். பன்னிரண்டில் ஏழு போனால் ஐந்து, ஐந்தில் இரண்டு போனால் மூன்று. 35.

கடலூர் வாத்தியார்:

ரெண்டு பக்கமும் பத்து கூடினால் வித்தியாசம் மாறாது, அவ்வளவுதானே! இது தெரியாமலே ஓய்வு பெற்றுவிட்டேன். பேத்தியிடம் காட்டப் போகிறேன்.