பழைய கடிகாரப் பழுதுபார்ப்பு நூல்களில் எதைப் பின்பற்றலாம்?

கேள்வி:
வணக்கம். 1900-ஐ ஒட்டி லண்டனில் அச்சான கடிகாரப் பழுதுபார்ப்புக் கையேடு ஒன்றின் மின்படி கிடைத்தது. அதைப் பார்த்தே என் பழைய சுவர்க்கடிகாரத்தைப் பிரித்துத் துடைக்க எண்ணியுள்ளேன். எஃகை நீலம் ஏறும்வரை சூடாக்கச் சொல்லும் நூல், எத்தனை டிகிரி என்பதைச் சொல்லவில்லை. பித்தளைத் தகடுகளை அம்மோனியா கலந்த சோப்பு நீரிலும், மங்கிய முலாம் பூசிய பாகங்களைப் பொட்டாசியம் சயனைடு கரைசலிலும் முக்கச் சொல்கிறது. இவற்றில் எவை இன்றும் பொருந்தும்?

முதல் பதில்:
டிகிரி இல்லாததைக் குறையாகக் கொள்ள வேண்டாம். அக்காலப் பட்டறையில் நிறமே அளவுகோல். பளபளப்பாகத் தேய்த்த எஃகைச் சூடாக்கும்போது மேற்பரப்பில் படியும் ஆக்சைடு படலம் தடிக்கத் தடிக்க, வைக்கோல் மஞ்சள், பழுப்பு, ஊதா, நீலம் என்று நிறம் மாறிக்கொண்டே போகும். மஞ்சள் ஏறக்குறைய 220 முதல் 230 டிகிரி செல்சியஸ். நீலம் ஏறக்குறைய 290 முதல் 300. மஞ்சளில் நிறுத்தினால் வெட்டும் கருவிக்கேற்ற கடினம் இருக்கும். நீலத்தில் நிறுத்தினால் கடினம் சற்றுக் குறைந்து, எளிதில் முறியாத தன்மை கூடும் என்பதால் திருகுக்கும் அச்சுக்கும் அதுவே ஏற்றது. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது: சிவக்கக் காய்ச்சித் தோய்த்துக் கடினமாக்காத எஃகும் இதே நீலத்தைக் காட்டும், உறுதி மட்டும் வராது. சிறு திருகைத் தீயில் நேராகக் காட்டாமல், பித்தளை அரத்தூள் பரப்பிய தட்டில் வைத்துச் சூடாக்கினால் நிறம் சீராக ஏறும். கைரேகை பட்ட இடம் திட்டாகத் தெரியும்.

இரண்டாம் பதில்:
சயனைடை அறவே விட்டுவிடுங்கள். அமிலம் பட்டால் அதிலிருந்து உயிர்கொல்லி வாயு எழும். வீட்டில் அதற்கு இடமே இல்லை. அம்மோனியாவிலும் எச்சரிக்கை தேவை, ஏனெனில் தட்டியோ வளைத்தோ உருவாக்கியதால் உள்ளே இறுக்கம் தங்கிய பித்தளையை அது விரிசல் விடச் செய்யும். ஆங்கிலேயர் ஆட்சிக்கால இந்தியாவில், மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்களின் பித்தளை உறைகள் தாமாகவே விரிசல் விட்டன. குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியாவே காரணம் என்பது 1921-இல்தான் விளக்கப்பட்டது. உங்கள் நூலாசிரியர் அதை அறிந்திருக்க வழியில்லை. ஆகவே இரவு முழுவதும் ஊறவிடாமல், சில நிமிடங்களில் எடுத்து, நன்கு அலசி, ஈரமின்றி உலர்த்துங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. கடல்பன்றியின் (டால்பினை ஒத்த கடல் பாலூட்டி) தாடை எண்ணெயை நூல் பெரிதும் புகழ்கிறதே, அதற்கு ஈடாக எதை இடலாம்?

முதல் பதிலளித்தவர்:
குளிரில் உறையாது, எளிதில் பிசுபிசுக்காது என்பதால் அது மதிக்கப்பட்டது. அமெரிக்காவின் நியூ பெட்ஃபோர்டு துறைமுகம் அதற்குப் பேர்பெற்றது. இன்று கடிகாரத்துக்கென்றே செய்யப்படும் செயற்கை எண்ணெய் போதும். அச்சு முனை சுழலும் துளைகளில் மட்டும் துளியளவு இடுங்கள், பற்களில் வேண்டாம். எல்லாவற்றுக்கும் முன்பாக, தகடுகளைப் பிரிப்பதற்குள் முறுக்கேறிய சுருள்வில்லைச் சாவியால் பிடித்துக்கொண்டு மெல்ல முழுவதும் தளர்த்திவிடுங்கள். இறுக்கத்தோடு பிரித்தால் அது சட்டென்று விரிந்து விரலையும் பல்சக்கரத்தையும் ஒருசேரச் சிதைக்கும்.