திமிங்கலத்துக்குக் கணுக்கால் இருந்ததா?

கேள்விக்காரன்:
திமிங்கலம் தரையில் நடந்த விலங்கிலிருந்து வந்தது என்கிறீர்கள். சரி, பாதி நடந்து பாதி நீந்திய பிராணி எங்கே? வரிசையாகப் படம் வரைந்து காட்டினால் போதுமா?

மாட்டு டாக்டர்:
இருக்கிறது. பாகிஸ்தானில் கிடைத்த ஆம்புலோசீட்டஸ், 1994இல் அறிவித்தார்கள். முதலை போல உடம்பு, துடுப்பு போலப் பெரிய பாதம். அதைவிடப் பழையது பாக்கிசீட்டஸ், சுமார் 5 கோடி ஆண்டுக்கு முந்தையது. ஓநாய் அளவு, நாலு காலில் நடந்தது, ஆனால் காதெலும்பு திமிங்கலத்தினுடையது. எகிப்துப் பாலைவனத்துப் பாசிலோசாரஸ் 15 மீட்டருக்கு மேல் நீளும், முழுக்கக் கடல் உயிர். அதற்கும் முட்டி, கணு, விரல் எல்லாம் உள்ள குட்டிப் பின்னங்கால் இருந்தது.

கேள்விக்காரன்:
முன்பு மெசோனிகிட் என்ற குளம்புள்ள ஊனுண்ணிதான் மூதாதை, பல்லைப் பாருங்கள் என்றார்கள். இப்போது நீர்யானை சொந்தமாம். நேற்று ஒரு தாத்தா, இன்று ஒரு தாத்தா. எதை நம்புவது?

மாட்டு டாக்டர்:
நியாயமான அடிதான். ஆனால் எப்படி மாறியது என்பதையும் பாருங்கள். 1990களில் மரபணு ஆய்வாளர்கள் திமிங்கலத்தை நீர்யானைப் பக்கம் சேர்த்தார்கள். எலும்பு பார்க்கிறவர்கள் பலர் ஒப்பவில்லை. வழக்கு தீர வேண்டுமானால் கணுக்கால் வேண்டும். மாடு, ஆடு, பன்றி, ஒட்டகம், நீர்யானை என்று இரட்டைக் குளம்புக் கூட்டத்துக்கு மட்டும் கணுக்கால் எலும்பு மேலும் கீழும் கிணற்றுக் கப்பி மாதிரி பள்ளம் விழுந்திருக்கும். என் பிழைப்பே அந்த மூட்டில்தான், நொண்டுகிற மாடு வராத நாளில்லை. 2001இல் தொல்லுயிர் ஆய்வாளர் பிலிப் ஜிஞ்சரிச் குழு பாகிஸ்தானில் தோண்டியெடுத்த ஆதித் திமிங்கலங்களின் கணுக்காலை வெளியிட்டது. இரட்டைக் கப்பி! மெசோனிகிட் கட்சியில் இருந்த ஜிஞ்சரிச், தான் எடுத்த எலும்பைப் பார்த்தே கட்சி மாறினார்.

வழிப்போக்கன்:
காஷ்மீர்க் கதையை விட்டுவிட்டீர்களே. புவியியலாளர் ரங்கா ராவ் காலாகோட் பகுதியில் சேகரித்த பாறைகள், அவர் காலமான பின் சும்மா கிடந்தன. அவர் மனைவி அவற்றைத் தொல்லுயிர் ஆய்வாளர் ஹான்ஸ் தெவிசெனிடம் கொடுத்தார். ஆய்வகத்தில் கைதவறி ஒரு மண்டையோடு உடைந்தது, பார்த்தால் உள்ளே திமிங்கலக் காது. அதுதான் இந்தோஹையஸ், சின்ன மான் போன்ற பிராணி, திமிங்கலச் சொந்தம் என்று 2007இல் அறிவித்தார்கள். நேர் தாத்தா இல்லை, பங்காளி.

கேள்விக்காரன்:
ஒரே தச்சன் செய்த நாற்காலியும் மேசையும்கூட ஒத்திருக்கும் ஐயா.

மாட்டு டாக்டர்:
வேலைப்பாடு ஒத்திருந்தால் அப்படிச் சொல்லலாம். பிழையும் ஒத்திருந்தால்? இரண்டு ஏட்டுச் சுவடியில் ஒரே இடத்தில் ஒரே இடைச்செருகல் இருந்தால், இரண்டும் ஒரே மூல ஏட்டிலிருந்து வந்தவை என்றுதானே பதிப்பாசிரியர் சொல்வார்? மரபணுத் தொகுதியிலும் தன்னைத்தானே நகலெடுத்துக் கண்ட இடத்தில் புகுந்துகொள்ளும் துண்டுகள் உண்டு. நீர்யானையிலும் திமிங்கலத்திலும் அப்படிச் சில துண்டுகள் அச்சாக ஒரே இடத்தில் இருப்பதை 1999இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். மாட்டிலும் பன்றியிலும் ஒட்டகத்திலும் அந்த இடங்கள் காலி. இன்னொன்று, பல்லே இல்லாத பலீன் திமிங்கலத்துக்குக் கருவில் பல்மொட்டு முளைத்துக் கரைந்துபோகிறது. பற்சிப்பி உண்டாக்கும் மரபணுக்கள் உடைந்து கிடக்கின்றன. எந்தத் தச்சன் இதைச் செய்வான்?

கேள்விக்காரன்:
பல்மொட்டு எனக்குப் புதுச் செய்தி. தச்சனை விடமாட்டேன், அவன் இந்த வழியாகவே செய்திருக்கலாம்.

மாட்டு டாக்டர்:
அதை எலும்பை வைத்துத் தீர்க்க முடியாது, எனக்கு அதில் சண்டையும் இல்லை. நீங்கள் முதலில் கேட்ட பிராணி கிடைத்ததா?

கேள்விக்காரன்:
கிடைத்தது. வௌவாலுக்கு இப்படி ஒன்று காட்டுங்கள், பார்ப்போம்.

மாட்டு டாக்டர்:
அங்கே மாட்டிக்கொண்டேன். 2008இல் அறிவித்த ஓனிகோனிக்டெரிஸ் என்ற ஆதி வௌவாலுக்கு ஐந்து விரலிலும் நகம் உண்டு, இன்றைய வௌவாலுக்கு அப்படிக் கிடையாது. ஆனால் அதுவும் பறந்த பிராணிதான். பாதி பறந்த மூதாதை இன்னும் கிடைக்கவில்லை.