மாடு மேயும் காட்டில் மான்கள் குறைகின்றன என்பது உண்மையா?

கேள்வி – சீகூர்வாசி

மசினகுடிப் பக்கம், காட்டை ஒட்டிய ஊரில் குடியிருக்கிறேன். எங்கள் ஊர் மாடுகள் காலையில் காட்டுக்குள் போய் மாலையில் பட்டிக்குத் திரும்புகின்றன. அவை மேய்ந்துவிட்டு வரும் அதே வெளியில் பொழுது சாயும் நேரத்தில் புள்ளிமான்கள் கூட்டமாக நிற்பதையும் நாள்தோறும் பார்க்கிறோம். அப்படியிருக்க, கால்நடை மேய்ச்சலால் மான் முதலிய குளம்புள்ள விலங்குகள் நலிகின்றன என்று ஆய்வாளர்கள் சொல்வதற்கு அடிப்படை என்ன? போட்டி புல்லுக்கு மட்டும்தானா?

பதில் – காட்டியல் மாணவர்

புள்ளிமானை மட்டும் வைத்துக் கணக்குப் போடக் கூடாது. குட்டையான புல்லையும் திறந்த வெளியையும் விரும்புகிற அது, புலிக்கும் செந்நாய்க்கும் அஞ்சி ஊரோரமாக ஒதுங்கும் பழக்கமும் உடையது. ஆகவே மாடு மேய்ந்த இடத்தில் அது கண்ணில் படுவதில் வியப்பில்லை. காட்டுமாடும் கடமானும் அங்கே எத்தனை முறை தென்பட்டன என்று யோசித்துப் பாருங்கள். மனித நடமாட்டமும் மேய்ப்பவர்களுடன் வரும் நாய்களும் இருக்கிற பகுதியை விட்டு இவை விலகிவிடுகின்றன.

தீவனக் கணக்கும் சிறியதன்று. 250 கிலோ எடையுள்ள மாடு நாளொன்றுக்கு ஏறத்தாழ 6 கிலோ உலர் தீவனம் தின்னும். ஒரு பெண் புள்ளிமானுக்கு ஒரு கிலோவும் சற்று மேலும் போதும். மழை மறைவுப் பகுதியான சீகூரில், மார்ச், ஏப்ரல் மாதங்களில் புல் கருகிக் கிடக்கும்போது ஒரு மாட்டின் பங்கு நான்கைந்து மான்களின் பங்குக்குச் சமம். புல் ஒட்ட மேயப்பட்ட இடத்தில் மாடு தொடாத உண்ணிச்செடி மண்டிக்கொள்கிறது. அதன்பின் மாட்டை நிறுத்தினாலும் புல் எளிதில் திரும்புவதில்லை.

கர்நாடகத்தின் பத்ரா காப்பகத்தில் கால்நடைகள் வெகுவாகக் குறைந்த பகுதியில் காட்டுமாடுகளின் அடர்த்தி உயர்ந்ததை ஆய்வு பதிவு செய்திருக்கிறது.

பதில் – பட்டிக்காரர் மகன்

மேலே சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் எல்லா மாட்டையும் ஒரே கணக்கில் எழுதுவது நியாயமாகப் படவில்லை. நாங்கள் பர்கூர் மலைக்காரர்கள். செம்மறை மாடுகளைக் காட்டில் பட்டி போட்டு, புல் தீரத் தீர இடம் மாற்றி மேய்ப்பது எங்கள் வழக்கம். பந்திப்பூர் ஓரத்து ஊர்களில் நடந்தது வேறு: 1990களில் காப்பி விலை ஏறியதும் தோட்டங்களுக்குச் சாணம் விற்பது நல்ல வருமானமானது, அதன்பின் பாலுக்கோ உழவுக்கோ அல்லாமல் சாணத்துக்காகவே மாடு வளர்த்தார்கள். அத்தகைய மந்தை புல்லின் அளவைப் பார்த்துப் பெருகுவதில்லை, சந்தை விலையைப் பார்த்துப் பெருகுகிறது.

2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் முதலில் தமிழகக் காடுகள் அனைத்திலும் மேய்ச்சலைத் தடை செய்து, பின்னர் அதைத் தேசியப் பூங்காக்கள், சரணாலயங்கள், புலிகள் காப்பகங்கள் என்ற அளவில் நிறுத்திக்கொண்டது. வன உரிமைச் சட்டம், 2006 மேய்ச்சல் உரிமையையும் ஏற்கிறது என்பதை இந்த விவாதத்தில் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பதில் – கால்நடை மருத்துவர், ஓய்வு

நோயைப் பற்றி யாரும் பேசவில்லையே. 1968இல் முதுமலை, பந்திப்பூர் காடுகளில் பரவிய வெக்கை நோய் காட்டுமாடுகளைக் கொத்துக் கொத்தாகக் கொன்றது. அந்த நோய் 2011இல் உலகிலிருந்தே ஒழிக்கப்பட்டுவிட்டது, கோமாரி அப்படியில்லை. பொதுவான குட்டையில் நீர் குடிப்பதும் ஒரே தரையில் மேய்வதும் அது பரவுவதற்குப் போதுமானவை. காட்டு விலங்கைப் பிடித்து ஊசி போட முடியாது. ஆகையால் காட்டோர ஊர்களில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் கோமாரித் தடுப்பூசி ஒரு மாட்டுக்குக்கூட விடுபடக் கூடாது. வாயில் நுரை தள்ளி, குளம்பிடுக்கில் புண்ணோடு நொண்டும் மாட்டைப் பட்டியிலேயே கட்டிப் போடுங்கள்.

சீகூர்வாசி

மூவருக்கும் நன்றி. மாட்டை அடியோடு நிறுத்தாமல் வேறு வழி எங்காவது பலித்திருக்கிறதா?

காட்டியல் மாணவர்

இமாச்சலத்தின் ஸ்பிதியில், கிப்பர் ஊரார் 1990களின் இறுதியில் தங்கள் மேய்ச்சல் நிலத்தில் ஒரு பகுதியை ஈட்டுத்தொகை பெற்றுக்கொண்டு மேய்க்காமல் விட்டார்கள். அங்கே பரல் என்னும் மலையாடுகள் பெருகின. பருவமும் முக்கியம். கென்யாவின் லைக்கிப்பியாவில் வேலியிட்டு நடத்திய சோதனையில், மாடும் வரிக்குதிரை முதலிய காட்டு விலங்குகளும் கோடையில் ஒன்றுக்கொன்று போட்டியாக இருந்தாலும், மழைக்காலத்தில் காட்டு விலங்குகள் முற்றிய புல்லைக் கழித்துவிடுவதால் மாடுகள் நன்றாகவே எடை கூடின. அது வேறு நிலம், வேறு விலங்குகள். அப்படியே இங்கே பொருத்த முடியாது. உங்கள் ஊரில் தொடங்குவதானால், கோடையில் தண்ணீர் நிற்கும் ஓடைக்கரைகளை மாடு புகாமல் விட்டுவைப்பதைத்தான் முதலில் ஊர்க்கூட்டத்தில் பேசச் சொல்வேன். வறட்சியில் கடைசிப் பச்சை இருப்பதும், கடமானும் காட்டுமாடும் வந்து சேர்வதும் அங்கேதான்.