எல்லை தாண்டிய புலனாய்வு: பயிற்சியை எங்கே தொடங்குவது?

கேள்வி: மூன்று நாட்டு நிருபர்கள் சேர்ந்து ஒரே விஷயத்தைத் துருவப்போகிறோம். எல்லாரும் தனியாகவே வேலை பார்த்துப் பழகியவர்கள், கையில் இருப்பதை அடுத்தவரிடம் காட்டவே தயங்குகிறார்கள். முதலில் எதைச் சொல்லிக்கொடுப்பது?

பதில்: பகிர்வதைத்தான். வெளிநாட்டு நிறுவனங்களின் பெயரில் மறைத்த சொத்துகளை அம்பலப்படுத்திய பனாமா ஆவணக் கசிவில் 1.15 கோடிக் கோப்புகள், அவற்றைச் சேர்ந்து ஆராய்ந்தவர்கள் பல நாடுகளின் 370க்கும் மேற்பட்ட செய்தியாளர்கள். எல்லாரும் வாயைக் கட்டிக்கொண்டு காத்திருந்து 2016 ஏப்ரல் 3 அன்று ஒன்றாக வெளியிட்டார்கள். வெளியிடும் நேரத்தை முதலிலேயே எழுத்தில் பேசி முடியுங்கள்.

பதில்: அப்புறம் பாதுகாப்பு. நான் நடத்திய வகுப்பில் பூட்டிய கோப்பையும் அதன் கடவுச்சொல்லையும் ஒரே மின்னஞ்சலில் அனுப்பினார்கள், பதறிப்போனேன். சொற்பொழிவு வேண்டாம், ஒரு நிறுவனத்தின் உரிமையாளர் யார் என்று ஆளுக்கொரு நாட்டுப் பதிவேட்டில் தேடவிடுங்கள், பகிராமல் விடை கிடைக்காது என்பது அங்கேயே புரிந்துவிடும்.

பதில்: அவதூறுச் சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. வழக்கறிஞரையும் உட்காரவையுங்கள்.