பாதி பட்டுப்போன இரட்டைத் தண்டு மரம்: ஏறும் கயிற்றை எந்தக் கவையில் போடுவது?

உச்சிக்கிளை:
வெட்டி அகற்ற வேண்டிய ஒரு மரத்தில் ஏறுவதற்கு முன் அனுபவம் உள்ளவர்களின் கருத்து தேவை. உயரம் ஏறத்தாழ 15 மீட்டர். தரையிலிருந்து 3 மீட்டரில் அடிமரம் இரண்டாகப் பிரிகிறது. இடப்பக்கத் தண்டு பச்சையாக இருக்கிறது, வலப்பக்கத் தண்டின் உச்சி பட்டுப்போய்விட்டது. கீழே கூரை இருப்பதால் மரத்தை மொத்தமாகச் சாய்க்க வழியில்லை, துண்டு துண்டாகத்தான் இறக்க வேண்டும்.

எறிகயிறு (ஏறும் கயிற்றை மேலே இழுப்பதற்காக முதலில் எறியும் மெல்லிய கயிறு) பச்சைத் தண்டில் 12 மீட்டர் உயரத்தில் ஒரு கிளை மேல் விழுந்திருக்கிறது. கிளையின் விட்டம் 7 சென்டிமீட்டர் இருக்கலாம். ஏறும் கயிற்றை அதன் வழியே இழுத்து, மறுமுனையை அடிமரத்தில் கட்டிவிட்டு ஒற்றைக் கயிற்றில் ஏறுவதாகத் திட்டம். நானும் உதவியாளரும் சேர்ந்து தொங்கிப் பார்த்தோம், அசையவில்லை. இது போதுமா?

வைரம்பாய்ந்தவர்:
போதாது, தம்பி. தயவுசெய்து இன்று ஏற வேண்டாம்.

முதலில் சுமைக் கணக்கைப் பாருங்கள். கயிறு கிளைக்கு மேலே போய் மறுபக்கம் இறங்கி அடிமரத்தில் கட்டப்பட்டிருந்தால், உங்கள் எடையைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு அந்தக் கிளையில் விழும். ஒரு பக்கம் நீங்கள் தொங்குகிறீர்கள், உங்களைத் தாங்குவதற்காக மறுபக்கக் கயிறும் அதே அளவு கீழே இழுக்கிறது. ஹார்னஸ் (உடலில் மாட்டும் பாதுகாப்புப் பட்டை), ரம்பம் எல்லாம் சேர்த்து நீங்கள் 90 கிலோ என்றால் கிளைக்கு 180 கிலோ வரை. பட்டையின் உராய்வால் இது சற்றுக் குறையும் என்பது உண்மை. அதை நம்பிக் கணக்குப் போடக் கூடாது. ஏறும்போது ஏற்படும் குலுக்கலையும் இதனுடன் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பருமன். உயிருள்ள, நோயில்லாத மரத்தில் குறைந்தது 10 சென்டிமீட்டர் விட்டம் என்பதைப் பலரும் கீழ் எல்லையாக வைத்திருக்கிறார்கள். வளைவைத் தாங்கும் திறன் விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறுகிறது. அதனால் 7 சென்டிமீட்டர் கிளைக்கு, 10 சென்டிமீட்டர் கிளையின் வலுவில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். எளிதில் முறியும் இன மரமாக இருந்தால் இந்த எல்லையையும் உயர்த்த வேண்டும்.

இருவர் தொங்கிப் பார்த்தது நல்ல பழக்கம். ஆனால் அது நேர் கீழ்நோக்கிய இழுப்பை மட்டுமே சோதிக்கிறது. நீங்கள் கிளை நுனியை நோக்கி நகரும்போது கயிறு பக்கவாட்டில் இழுக்கும். அந்த இழுப்பை அந்தக் கிளை இன்னும் சந்திக்கவே இல்லை.

கயிறு வெறுமனே கிளை மீது கிடக்கக் கூடாது. அது தண்டைச் சுற்றி வர வேண்டும், கயிறு கீழே வழுக்காமல் தடுப்பது மட்டுமே கிளையின் வேலை. அப்போதுதான் சுமை தண்டின் வழியாக நேராக இறங்கும். இதற்காக இன்னும் 2 மீட்டர் கீழே வர நேர்ந்தாலும் வாருங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்பாக ஒன்று: தூரைப் பார்த்தீர்களா?

எறிகயிறு:
இரண்டு தண்டும் சேரும் இடத்தையும் பாருங்கள். சேர்மானம் அகன்று, மேலே பட்டை மேடாகப் புடைத்திருந்தால் பெரும்பாலும் நல்லது. குறுகலாகச் சேர்ந்து பட்டை உள்ளே மடிந்து போயிருந்தால், அங்கே மரத்தோடு மரம் பிணைந்திருக்காது. எந்தத் தண்டில் கயிறு போட்டாலும் பிளக்கக்கூடிய இடம் அதுதான்.

உச்சிக்கிளை:
போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். வலப்பக்கத் தூரில், மண்ணோடு ஒட்டி, விசிறி வடிவில் கட்டையான காளான் இருக்கிறது. மேல்புறம் பழுப்பு, ஓரம் வெள்ளை. நகத்தால் அழுத்தினால் பதியவில்லை. மரச் சுத்தியலால் சுற்றிலும் தட்டியதில், காளானுக்கு மேல் ஒரு முழ உயரத்துக்கு ஓசை மந்தமாகக் கேட்கிறது. சேர்மானத்தில் பட்டை உள்மடிந்திருக்கிறது. அதற்குக் கீழே ஒரு வெடிப்புக் கோடும், கறுப்பாக நீர் வடிந்த தடமும் தெரிகின்றன.

தூர் உள்ளே பொந்தாக இருந்தாலும், மிச்சமுள்ள நல்ல மரச் சுவரின் தடிமன் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்கு இருந்தால் போதும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அதை இங்கே பயன்படுத்தலாமா?

வைரம்பாய்ந்தவர்:
கூடாது. அந்த விகிதம், காற்றை எதிர்த்து நிற்கும் மரம் முறியுமா என்பதை மதிப்பிட வந்தது. பொந்து நடுவில் இருந்து, சுவர் சுற்றிலும் முழுமையாக இருக்கும் நிலைக்கே அது ஓரளவு பொருந்தும். உங்கள் மரத்தில் அழுகல் ஒரு பக்கமாக இருக்கிறது, வெடிப்பும் இருக்கிறது. தூரில் காளான் வந்திருப்பதால் வேர்களையும் நம்புவதற்கில்லை. ஒருவர் மேலே தொங்கிக்கொண்டு கிளைகளை அறுத்துக் குலுக்கும் நிலையை அந்தக் கணக்கு பார்ப்பதில்லை.

இந்த மரத்தில் கயிறு போடத் தகுந்த கவை எதுவும் இல்லை. எவ்வளவு நல்ல கிளையைத் தேர்ந்தாலும் அதன் சுமை அந்த வெடிப்பிலும் அந்தத் தூரிலும்தான் வந்து முடியும். இன்னொன்று: பிளக்கக்கூடிய தண்டைச் சுற்றி இடுப்புக் கயிற்றை (ஹார்னஸிலிருந்து தண்டைச் சுற்றி மாட்டும் குட்டைக் கயிறு) போட்டிருந்தால், தண்டு பிளந்து விரியும்போது கயிறு உங்களை மரத்தோடு சேர்த்து நசுக்கிவிடும். தூக்கு மேடை அல்லது கிரேன் கொண்டு செய்ய வேண்டிய வேலை இது.

எறிகயிறு:
பக்கத்தில் உறுதியான மரம் இருந்தால் ஏறும் கயிற்றை அதில் போடலாம் என்று சொல்ல வந்தேன். இடுப்புக் கயிறு இந்த மரத்தில் இருக்கும்போது தூர் சாய்ந்தால் இரண்டுக்கும் நடுவே ஆள் மாட்டிக்கொள்வார். அதனால் மேடைதான் சரி.

பச்சைப்பட்டை:
இதே தொடர்பில் ஒரு சந்தேகம். மரம் ஆரோக்கியமாக இருந்து, கிளைகளை எல்லாம் நீக்கியபின் மொட்டைத் தண்டு மட்டும் மிஞ்சினால் கயிற்றை எங்கே கட்டுவது?

வைரம்பாய்ந்தவர்:
கிளைகளை அறுக்கும்போதே சில இடங்களில் ஒரு சாண் கட்டையை விட்டுவையுங்கள். கட்டைக்கு மேலே, கயிற்றைத் தண்டைச் சுற்றிச் சுருக்காக இறுக்கினால் சுமை தளர்ந்தாலும் கீழே வழுக்காது. கூடவே எஃகு உள்கம்பி கொண்ட இடுப்புக் கயிறு. ரம்பம் ஓடும்போது இரண்டும் மாட்டியிருக்க வேண்டும், இரண்டும் வெட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். துண்டுகளை இறக்கும் கயிறு உங்களைத் தாங்கும் கயிற்றோடு ஒரே கட்டில் சேரக் கூடாது. விழும் துண்டு சட்டென்று நிறுத்தப்படும்போது வரும் அதிர்ச்சிச் சுமை, துண்டின் எடையைப்போல் பல மடங்காகிவிடும்.

உச்சிக்கிளை:
எறிகயிற்றை இறக்கிவிட்டேன். கூரையின் உரிமையாளரிடம் காளானையும் வெடிப்பையும் நேரில் காட்டினேன், மேடைக்கு ஒப்புக்கொண்டார். மேடையின் கூடையில் நிற்கும்போதும் மரத்தில் ஒரு கயிறு போட்டுக்கொள்ளட்டுமா?

வைரம்பாய்ந்தவர்:
வேண்டாம். ஹார்னஸைக் கூடையில் அதற்கென்று உள்ள வளையத்தில் மாட்டுங்கள். உங்களை அந்த மரத்தோடு இணைக்கும் எதுவும் இருக்கக் கூடாது. வேலை முடியும்வரை அடியில் யாரையும் நிற்க விடாதீர்கள்.